வொல்வொக்ஸ் வளக்கிற பிள்ளைகளே, இதுகளைச் செய்யாதீங்க

வொல்வொக்ஸ் எண்டது தண்ணிக்குள்ள உருண்டை உருண்டையா வாழுற பச்சை அல்கா. ஒவ்வொரு பெட்சும் அதை வச்சுப் புரொஜெக்டுக்கு வரேக்க நாங்க அந்தக் காலத்தில செஞ்ச அதே பிழையைத்தான் கிறுகிக் கிறுகிச் செய்யிறாங்க. லேபிள் ஒட்ட மறக்கிறது, மூடியைத் திறந்து வைக்கிறது எல்லாம் ஆரும் சொல்லுவாங்க, அதை விட்டிடுவம்.

நைதரசனைக் குறைச்சா பாலியல் இனப்பெருக்கம் தொடங்கிடும் எண்டு நினைக்கிறது

அது கிளமிடோமொனாஸ் எண்ட இன்னொரு அல்காவுக்கு. ஒத்தைக் கலம், நைதரசன் இல்லாட்டி புணரியாகும். நாங்க வளக்கிற இனம், வொல்வொக்ஸ் கார்ட்டெரி, ரெண்டாயிரம் கலம் சேர்ந்த உருண்டை, அதைப் பட்டினி போட்டா மெலியுமே ஒழிய வேற ஒண்டும் நடக்காது. அதுக்கு வேண்டியது செக்ஸ் இண்டியூசர் எண்டு சொல்ற ஒரு கிளைக்கோபுரதம், பாலியல் ஆண் உருண்டைகள் தண்ணிக்குள்ள விடுறது.

ஒரே பிப்பெட்

இதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம் ஏறுற விசயம். இந்த இண்டியூசர் 10⁻¹⁶ மோலார் செறிவிலயே வேலை செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மில்லிலீட்டருக்குள்ள கிட்டத்தட்ட 60 ஆயிரம் மூலக்கூறு மட்டும்தான், மூலக்கூறு கணக்கில அது ஒண்டுமேயில்ல. இப்ப நீங்க ஆண் கல்ச்சர் தண்ணியை எடுத்த பிப்பெட்டை மூண்டு தரம் அலசிட்டு ஸ்டொக் ரியூபுக்குள்ள, அதாவது இலிங்கமில்லாமத் தொடர்ந்து வளக்கிற மூலக் கல்ச்சருக்குள்ள, விடுறீங்க. ஒவ்வொரு அலசலிலயும் நூறில ஒரு பங்கு மிஞ்சினாக்கூட, கடைசியா பத்து லட்சத்தில ஒரு பங்கு கிடக்கும், அதுவும் காணும் சில வேளை.

ஒரு தங்கச்சி, நல்ல கெட்டிக்காரி, அப்பிடித்தான் ஆண் ஸ்டொக்குக்கு ஊடகம் மாத்தினவ. நாலைஞ்சு நாள் கழிச்சு வந்து "அக்கா, உருண்டை எல்லாம் சின்னனா போச்சு" எண்டு சொல்றா. மைக்ரோஸ்கோப்பில பாத்தா முழுக்க பாலியல் ஆண், 128 உடற்கலம், 128 விந்துப் பொட்டலம். வழமையா இருக்கிற பெரிய இனப்பெருக்கக் கலம், கொனிடியம், ஒண்டுகூட இல்ல. விந்து நீந்திப் போயிடும், உடற்கலம் செத்திடும், ஆண் வழியே முடிஞ்சுது. பெண் ஸ்டொக் எண்டா கொஞ்சம் தப்பும், கருக்கட்டாத முட்டைகள் திரும்ப இலிங்கமில்லாமப் பிரிஞ்சு வளரும், ஆணுக்கு அந்த வழியே இல்ல. "நான் நல்லாக் கழுவினனே அக்கா" எண்டுதான் கடைசி மட்டும் சொன்னவ. கழுவினதுதான், ஆனா பிரச்சினை கழுவுறதில இல்லயே.

இன்னொண்டு, ஆண் கல்ச்சர்ல சில வேளை ஒரு உருண்டை தானா பாலியல் ஆணா மாறும், ஆரும் ஒண்டும் செய்யாமலே, அந்த ஒண்டு விடுற இண்டியூசர் பக்கத்தில இருக்கிற எல்லாத்தையும் இழுத்திடும். அதால ஸ்டொக்கை ஒரு பெரிய பிளாஸ்கில வைக்காதீங்க, பத்துச் சின்ன ரியூபா பிரிச்சு, அதில பாதியை வேற அலுமாரியில வைங்க. காலையில முதல் வேலை ஸ்டொக், இண்டியூசர் தண்ணியைத் தொடுறது கடைசியா. ஸ்டொக்குக்கு எண்டு பாவிச்சு எறியிற பிப்பெட், காசு பாக்காதீங்க.

அடுத்த நாளே பாத்திட்டு "வேலை செய்யல்ல" எண்டுறது

இண்டியூசர் பட்ட உருண்டை மாறாது. அதுக்குள்ள இருக்கிற கொனிடியம் பிரியத் தொடங்கிறதுக்குப் பல மணித்தியாலம் முந்தியே சிக்னல் கிடைச்சிருக்க வேணும், மறுகா அது பிரிஞ்சு வாற பிள்ளை உருண்டைதான் பாலியலா இருக்கும். இலிங்கமில்லாத முளையம் 32 கலத்தில இருந்து 64 ஆகேக்க சமமில்லாமப் பிரியும், இனப்பெருக்கக் கலம் தனியாகிறது அப்பதான், பெண் பாலியல் முளையத்தில அது ஒரு படி பிந்தும், ஆணில கடைசிப் பிரிவில்தான். பிந்திப் பிரிஞ்சதாலதான் பெண்ணில பதினாறு கொனிடியத்துக்குப் பதிலா முப்பது நாப்பது முட்டை தெரியுது. அவசரப்பட்டு ரெண்டாம் தரம் இண்டியூசர் ஊத்தாதீங்க.

விந்தை முட்டைக்குக் கூப்பிடுறதும் இண்டியூசர்தான் எண்டு எழுதுறது

இல்ல. இது முட்டையும் விந்தும் உண்டாகச் சொல்ற சிக்னல், அவ்வளவுதான்.

வேற இனத்துத் தண்ணி

வொல்வொக்ஸ் ஓரியஸிட இண்டியூசர் கார்ட்டெரிக்குச் சரிவராது.

ஜன்னலோரம்

1986ல டேவிட் கேர்க், மெரிலின் கேர்க் எண்ட ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் காட்டினது: கொஞ்ச நேரம் சூடு காட்டினா, சுமார் 42 - 45 பாகை, இலிங்கமில்லாத உருண்டைகளே இண்டியூசரைச் செய்யும், ஆணே தேவையில்ல. மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் வயலோர மடு வத்தி தண்ணி கொதிக்கிற நேரத்தை நினைச்சா விளங்கும், வத்த முதல் முட்டை கருக்கட்டி தடிச்ச சுவருள்ள சைகோஸ்போர் செஞ்சு வைக்கிறதுதான் அதுட வழி. ஆனா உங்கட பிளாஸ்க் மடு இல்ல. சித்திரை வெயில் நேரா விழுற ஜன்னலில மூடின கண்ணாடிக்குள்ள எவ்வளவு ஏறும் எண்டு ஒரு தரம் வெப்பமானியை விட்டுப் பாருங்க. கரண்ட் போய் ஏசி நிண்டா முதல்ல பிளாஸ்கை நிழலுக்கு எடுங்க, மறுகா பியூசைப் பாக்கலாம்.