புயலுக்குத் தப்பிய மரத்தை மொட்டையடிக்காதீர்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, எங்கள் ஊருணிக்கரையில் இரண்டு வேப்பமரங்கள் மிஞ்சின. ஒன்றில் பாதிக் கிளை போயிருந்தது. மற்றதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. “அடுத்த காத்துக்கு இதுவும் சாஞ்சுரும்” என்று யாரோ சொல்லப்போக, நல்லா இருந்த மரத்தை மொட்டையடித்துவிட்டார்கள். ஒடிந்த மரத்தைக் கவனிக்க ஆளில்லை. அதுதான் இன்றும் நிழல் தருகிறது.

மொட்டையடித்தால் மரத்துக்குச் சாப்பாடு போடும் இலை மொத்தமும் போய்விடும். அப்புறம் துடைப்பம் மாதிரி தளிர் கிளம்பும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அவை பட்டையை ஒட்டி மேலாக முளைத்தவை, பிடிமானம் கிடையாது. அடுத்த காற்றில் முதலில் விழுவது அவைதான். ஒடிந்து தொங்குவதை மட்டும் எடுங்கள், போதும்.

எடுப்பதிலும் தப்பு நடக்கிறது. மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், கிளை சாயும்போது அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு வரும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் அடிப்பக்கம் ரம்பத்தால் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிஞ்சும் கட்டையைக் கடைசியில் எடுக்கலாம். கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுங்கள். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும்.

வெட்டுவாயில் தார், பெயிண்ட் எதுவும் வேண்டாம். மரம் தன் காயத்தை உள்ளேயே சுவர் வைத்து அடைத்துக்கொள்ளும் என்று அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னார். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. பொந்தில் சிமெண்டு அடைப்பதும் அப்படித்தான்.

சாய்ந்தது இளங்கன்று என்றால் வேர் காய்வதற்குள் நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, பழைய சைக்கிள் டியூப்பால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். பெரிய மரத்தின் அடியில் மண் வெடித்துத் தூக்கியிருந்தால் பக்கத்தில் போகாதீர்கள். விவரம் தெரிந்தவர் பார்க்கட்டும். மின்கம்பி பட்டிருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் கைவைக்கவே கூடாது.

நம்ம பக்கத்தில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. வேர் ஆடிவிட்டது என்று சுற்றிலும் மண் கொட்டி மேடை கட்டிவிடுவோம். மேடையில் அழகான ஆத்தங்குடித் தரைக்கல்லே பதித்தாலும் வேருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

ஆலமரம் என்றால், வழியை மறைக்கிறது என்று விழுதை வெட்டாதீர்கள். அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் வேரூன்றி நின்றதால் மரம் பிழைத்தது. தொங்கும் இளம் விழுதைக் கணு நீக்கிய மூங்கிலுக்குள் விட்டு, மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றி வந்தால் தரையைத் தொட்டு வேர்பிடித்துவிடும்.