அடிபட்ட பழைய கார்: ரிப்பேர் பண்ணலாமா, விட்டுடலாமா? முடிவு பண்றது எப்படி

அம்பாசிடரோ ஃபியட்டோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வச்சிருக்கீங்க, அது நல்லா அடி வாங்கிடுச்சுன்னா உடனே உங்களைச் சுத்தி ரெண்டு கோஷ்டி கிளம்பும். ஒண்ணு "காயலாங்கடைக்குத் தள்ளிட்டு வேற வேலையப் பாருங்க"ன்னு சொல்லும். இன்னொண்ணு "அந்தக் காலத்துத் தகடு சார், எதையும் நிமித்திடலாம்"னு சொல்லும். ரெண்டு கோஷ்டியும் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்திருக்க மாட்டாங்க. இத முதல் தடவையா சந்திக்கிறவங்களுக்காக எந்த வரிசைல எதைப் பாக்கணும்னு எழுதுறேன். என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன், இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதாங்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க, பாடி நேரா இருக்கா, அதுல இரும்பு மிச்சம் இருக்காங்கிறத வச்சு முடிவு பண்ணுங்க. இன்ஜின் சாமான் இன்னைக்கும் தேடினா கிடைக்கும், நேரான பாடி கிடைக்கிறதுதான் கஷ்டம்.

ஸ்டெப் 1: முதல் ரெண்டு மூணு நாள்

பேட்டரி டெர்மினலக் கழட்டுங்க. "ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாப்போம்"னு யாராவது வந்தா விடாதீங்க. முன்னாடி அடின்னா ரேடியேட்டர் பின்னாடி நகர்ந்து ஃபேன் மேல உக்காந்திருக்கும், அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜின்ல ஃபேன் வாட்டர் பம்ப் ஷாஃப்ட் மேலயே இருக்கறதால அந்த ஷாஃப்ட்டும் வளைஞ்சிருக்கலாம், நீங்க செல்ஃப் அடிச்சா இருக்கற சேதத்தோட புதுசா ஒண்ணு சேரும்.

ஃபிளாட் பெட் ரெக்கவரி வண்டிலதான், அதாவது காரை முழுசா மேல ஏத்திட்டுப் போற தட்டையான லாரிலதான் தூக்கணும். சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனா எது ஆக்சிடென்ட்ல வளைஞ்சது, எது இழுத்ததுல வளைஞ்சதுன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது.

ரோட்டுல விழுந்த சாமான் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு எடுத்துட்டு வாங்க. உடைஞ்ச லைட் கிளாஸ், வளைஞ்ச குரோம் பீடிங், பேட்ஜ், கிரில் துண்டு எதையும் விடாதீங்க. வளைஞ்ச கிரில்ல நிமித்தி குரோம் போட ஆள் இருக்காங்க, இல்லாத கிரில்ல யாரும் குரோம் போட முடியாது.

வேற யாருக்காவது அடிபட்டிருந்தா போலீஸ், இன்சூரன்ஸ் ரெண்டு இடத்துலயும் உடனே தகவல் சொல்லணும். யார் மேலயும் படலன்னாலும் க்ளெய்ம் பண்ற ஐடியா இருந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி ஒரு போல்ட் கூடக் கழட்டக் கூடாது. போட்டோ நாலா பக்கமும் எடுங்க, அடியிலயும் எடுங்க. அப்புறம் வண்டிய மழை படாத இடத்துல வைங்க. பெயின்ட் உரிஞ்ச தகடு சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காத்து ஊர்ல ரொம்ப சீக்கிரம் சிவக்க ஆரம்பிச்சிடும்.

ஸ்டெப் 2: உங்க வண்டி எந்த ஜாதி?

பழைய கார்னாலே தனி சேஸிஸ் இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. மெட்ராஸ்ல 1961ல இருந்து தயாரிச்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு நிஜமாவே தனி சேஸிஸ் உண்டு, பாடிய பகுதி பகுதியா போல்ட் போட்டு அது மேல உக்கார வச்சிருப்பாங்க. அதனால நல்லா அடி வாங்கின ஹெரால்டக் கூட பாடியக் கழட்டி சேஸிஸ்ஸ தனியா அளந்து நிமித்த முடியும். ஆனா அதுல பானெட், ரெண்டு மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே பீஸா முன்பக்கமா சாயும், கீல் ஃப்ரேமோட முன் நுனிலயே இருக்கு, அதனால சின்ன இடிக்கே அது கோணிக்கும், மாத்து பானெட் தேடுறது பெரிய வேலை.

அம்பாசிடரும் ஃபியட்டும், அதாவது பத்மினியும், மோனோகாக். தரை, தூண், கூரை, சைடு எல்லாம் சேர்ந்துதான் சேஸிஸ். முன்னாடி பட்ட அடி டோர் பில்லர் வரைக்கும் பயணம் பண்ணும். இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு, இதெல்லாம் சாதா மைல்ட் ஸ்டீல், இப்ப வர்ற வண்டிகள்ல இருக்கற ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீல் மாதிரி சூடு காட்டினா வீணாப் போற சமாச்சாரம் இல்ல, இழுக்கலாம், தட்டலாம், வெட்டி ஒட்டலாம்.

ஸ்டெப் 3: தூக்குக்குண்டும் சாக்பீஸும்

இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியம், ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி நீங்களே செய்யலாம். மட்டமான சிமென்ட் தரை, கொத்தனார் வச்சிருக்கற தூக்குக்குண்டு, சாக்பீஸ், ஒரு நல்ல இரும்பு டேப், கூட ஒரு ஆள், இவ்வளவு போதும்.

வண்டிக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற இடங்களா எடுத்துக்கோங்க. முன் சஸ்பென்ஷன் கீழ் ஆர்ம் பாடில மாட்டற போல்ட், பின் ஸ்பிரிங் பட்டையோட முன் கண் போல்ட், அதே பட்டையோட பின் நுனியப் பாடியோட சேர்க்கற ஷேக்கிள் போல்ட். பம்பர், மட்கார்டு மாதிரி கழட்டி மாட்டற இடத்த எடுக்காதீங்க, அது நேரா இருந்தாலும் கோணலா இருந்தாலும் பாடியப் பத்தி ஒண்ணும் சொல்லாது. வண்டிய ஜாக்கில தூக்கினா ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள போகாதீங்க, ஸ்டாண்டு வச்சே ஆகணும், அடிபட்ட வண்டில ஜாக்கி பாயின்ட்டே பிய்ஞ்சிருக்கலாம். ஒவ்வொரு போல்ட் நடுவுல இருந்தும் குண்ட இறக்கி, அது ஆடி நின்னதும் தரைல சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போடுங்க. எல்லாம் முடிஞ்சதும் வண்டிய நகர்த்திட்டுப் பாத்தா உங்க வண்டியோட எலும்புக்கூடு தரைல புள்ளி புள்ளியா இருக்கும்.

இப்ப குறுக்கு அளவு எடுங்க. முன் இடதுல இருந்து பின் வலது, முன் வலதுல இருந்து பின் இடது. ரெண்டும் சமமா இருக்கணும். இந்த வண்டிகள் புதுசுலயே மில்லிமீட்டர் சுத்தமா வந்ததில்ல, அதனால 5, 6 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன். 10, 12 தாண்டினா ஜிக்ல, அதாவது பாடிய அசையாமப் பிடிச்சு இழுக்கற இரும்பு ஃப்ரேம்ல, கட்டி இழுக்கணும். 25 மில்லிமீட்டர் பக்கம் வந்து கூரைலயும் மடிப்பு விழுந்திருந்தா அத எடுத்து நிறுத்தறத ரொம்ப யோசிச்சுதான் செய்யணும்.

அடுத்தது ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் நடுப்புள்ளி குறிச்சு, முன்னாடில இருந்து பின்னாடி வரைக்கும் ஒரு நூல் பிடிங்க. நடுப்புள்ளி எல்லாம் நூல் மேல விழணும், விழலன்னா வண்டி மூஞ்சி ஒரு பக்கமா திரும்பியிருக்குன்னு அர்த்தம். இது போதாது, உயரமும் பாக்கணும், ஏன்னா குறுக்களவு சரியா இருந்தும் பாடி முறுக்கிக்கிட்டு இருக்கலாம். அதுக்கும் கொத்தனார்தான் துணை, தண்ணி ஊத்தின டியூப் லெவல் வச்சு இடது வலது போல்ட் உயரத்த ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்பிரிங் உக்காந்திருந்தா ஒரு பக்கம் மொத்தமாவே தாழ்ந்திருக்கும், அது பரவால்ல, முன்னாடி இடது தாழ்ந்து பின்னாடி வலது தாழ்ந்திருந்தாதான் முறுக்கு.

கடைசியா ஸ்டியரிங்க நேரா வச்சு ரெண்டு பக்கமும் முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் அளங்க. அம்பாசிடருக்கு 2464 மில்லிமீட்டர், பத்மினிக்கு 2340 வரணும். ரெண்டு பக்கமும் வித்தியாசம் அதிகமா இருந்து, மேல சொன்ன போல்ட் அளவு எல்லாம் சரியா இருந்தா சந்தோஷப்படுங்க, வளைஞ்சது சஸ்பென்ஷன் சாமான் மட்டும்தான், அது மாத்திக்கலாம்.

ஸ்டெப் 4: கண்ணால பாக்க வேண்டியது

நாலு கதவையும் திறந்து மூடுங்க. அடிபடாத பக்கத்துக் கதவு இடிக்குதுன்னா பாடி முழுக்க அசைஞ்சிருக்கு. கார்ப்பெட்டத் தூக்கி தரைத் தகட்டுல மடிப்பு இருக்கா, கூரைல தூண் சேர்ற இடத்துல பெயின்ட் வெடிச்சிருக்கா, முன் கண்ணாடி ஃப்ரேமோட ரெண்டு மூலைவிட்டமும் சமமா இருக்கான்னு பாருங்க. அம்பாசிடர்ல இன்னொண்ணு, முன் சஸ்பென்ஷனோட டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங் வேலை செய்யற முறுக்குக் கம்பி, நீளவாக்குல பின்னாடி போய் தரைக்கு அடியில ஒரு கிராஸ் மெம்பர்ல மாட்டியிருக்கும், முன்னாடி நல்ல அடின்னா அந்த இடத்துல வெல்டிங் விட்டிருக்கான்னு பாக்காம எந்த முடிவும் எடுக்காதீங்க. பாக்கறதோட நிறுத்திக்கோங்க, டார்ஷன் பாரையோ பத்மினியோட காயில் ஸ்பிரிங்கையோ புதுசா கத்துக்கறவங்க கழட்டக் கூடாது, உள்ள அடங்கி இருக்கற விசை கையக் கொண்டு போயிடும்.

ஸ்டெப் 5: துருவும் பட்டியும்

ஆக்சிடென்ட்ட விட அதுக்கு முன்னாடி 30 வருஷமா பாடிக்கு நடந்ததுதான் பல வண்டிகள முடிச்சு வைக்குது. அடிபட்டதும் பழைய பட்டி, அதாவது பள்ளத்த மறைக்கத் தகட்டு மேல பூசின பூச்சு, பாளம் பாளமா உதிரும், அதக் கூட்டித் தள்ளாதீங்க, எவ்வளவு தடிமன்னு பாருங்க. விரல் தடிமனுக்குப் பட்டி இருந்தா அடியில தகடு எப்பவோ போயாச்சு. மீதி இடத்துக்கு ஒரு சின்ன மேக்னட்ட துணில சுத்தி வச்சுப் பாருங்க, பிடிக்காத இடம் பட்டி. கதவுக்குக் கீழ இருக்கற சில் பகுதி, ஸ்பிரிங் மாட்டற இடம், டிக்கி தரை, இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால அழுத்திக் குத்துங்க.

இது எதுக்குன்னா, ஜிக்ல கட்டி இழுக்கறப்ப சங்கிலிய நல்ல தகட்டுலதான் மாட்டணும். துருப்பிடிச்ச தகடு நிமிராது, கிழியும். பாடி 15 மில்லிமீட்டர் கோணி தகடு நல்லா இருந்தா அது ரிப்பேர் பண்ணக்கூடிய வண்டி. 8 மில்லிமீட்டர்தான் கோணல் ஆனா சில் முழுக்க பட்டின்னா அது ரிப்பேர் இல்ல, பாதி வண்டிய புதுசா செய்யறது.

ஸ்டெப் 6: ஓடுற சாமான்

சுருக்கமா சொல்லிடறேன். ஸ்டியரிங் பாக்ஸ், டை ராட், ஸ்டப் ஆக்சில் இதுல எதுவும் வளைஞ்சிருந்தா சூடு பண்ணி நிமித்திக் குடுக்கறேன்னு சொல்றவரைக் கும்பிட்டு அனுப்பிடுங்க, மாத்தறது மட்டும்தான் வழி. கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங், இன்ஜின் மவுன்ட் இதுலல்லாம் முடி மாதிரி விரிசல் இருக்கலாம். சுத்தமா துடைச்சு, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, காயத் துடைச்சுட்டு சாக்பீஸ் தூளத் தூவுங்க, விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் வெளிய கசிஞ்சு தூள்ல கோடு மாதிரி தெரியும்.

ஸ்டெப் 7: இப்பதான் பணம்

இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டின்னா உங்க வண்டிக்கு ஒரு பைசா வராது, நேரா அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. ஓன் டேமேஜ், அதாவது உங்க வண்டி சேதத்துக்கான கவர் இருந்தா ஐடிவி (பாலிசில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பு) என்னன்னு பாருங்க. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு அது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிட்ட தொகை, நிறைய பேர் பிரீமியம் குறையட்டும்னு அடிமாட்டு விலைக்குப் போட்டு வச்சிருப்பாங்க. ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்தத் தாண்டினா டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்றது வீண்ங்கிற கணக்குல போயிடும். அதாவது பேச்சுக்கு ஐடிவி 1 லட்சம்னா 75,000 தாண்டினாலே முடிஞ்சது, ஒரு டிங்கரிங்கும் பெயின்ட்டும் அதத் தாண்டிடும். தாண்டலன்னாலும் 10 வருஷத்துக்கு மேலான வண்டிக்கு இரும்பு பார்ட்ஸ் விலைல பாதிதான் தருவாங்க, ரப்பர், பிளாஸ்டிக்கும் பாதி, கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம்னு எதையும் கழிக்க மாட்டாங்க. டோட்டல் லாஸ்னு சொன்னா வண்டிய நீங்களே வச்சுக்க முடியுமா, எவ்வளவு கழிப்பாங்க, ஆர்சி என்ன ஆகும்னு மூணையும் எழுத்துல வாங்கிட்டுதான் கையெழுத்துப் போடணும்.

டிங்கர் எஸ்டிமேட் ரெண்டு பேர்கிட்டயாவது வாங்குங்க, ஸ்டெப் 3ல எடுத்த அளவக் காட்டி "இத எப்படிச் சரி பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. அளவப் பாக்காமயே "அதெல்லாம் பண்ணிடலாம் சார்"னு சொன்னா அடுத்த ஆளத் தேடுங்க. எஸ்டிமேட்டுக்கு மேல மூணுல ஒரு பங்கு சேத்துக்கறது என் வழக்கம், பிரிச்ச பிறகுதான் பாதி சேதம் தெரியும். வர்ற மொத்தத்த அதே மாடல்ல நல்லா இருக்கற வண்டி இன்னைக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு விசாரிச்சு பக்கத்துல வைங்க. உங்க வண்டி அடிபடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அந்த நிலைமைல உள்ள வண்டி விலைதான் கணக்கு, ஷோவுக்கு வர்ற வண்டி விலை இல்ல.

ஸ்டெப் 8: வெட்டறதுக்கு முன்னாடி பேப்பர்

சேஸிஸ் நம்பர் எங்க பஞ்ச் பண்ணியிருக்குன்னு தேடி போட்டோவும் பென்சில் பிரிண்ட்டும் (மேல பேப்பர் வச்சு பென்சிலால தேச்சு எடுக்கறது) எடுத்து வைங்க. அந்தத் தகடு அடிபட்ட பகுதில இருந்தா டிங்கர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க. சென்னைல பழைய வண்டி சாமான் விக்கற புதுப்பேட்டைல இருந்து இன்னொரு வண்டியோட முன்பக்கத்த வெட்டி வந்து ஒட்டறப்ப அந்த வண்டி நம்பரும் கூடவே வந்துடும், அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல நின்னு விளக்கம் சொல்றது உங்க பாடு.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல வந்த விதிப்படி விஏ நம்பர், அதாவது விண்டேஜ் வண்டிக்கான தனி வரிசை நம்பர், வாங்கற எண்ணம் இருந்தா இன்னும் ஜாக்கிரதை. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதனால இருக்கறத நிமித்தறது ஒரு வழி, முழு பாடிய மாத்தறது வேற வழி.

ஸ்டெப் 9: முடிவு

முன்னாடி அடி, அளவு 10 மில்லிமீட்டருக்குள்ள, தகடு நல்லா இருக்குன்னா பண்ணிடுங்க, பணம் கொஞ்சம் எகிறினாலும் பரவால்ல. நடுத்தூண் உள்ள வந்து, கூரை மடிஞ்சு, சில்லும் போயிருந்தா விட்டுடுங்க, அத நிமித்தி ஓட்டினாலும் அடுத்த இடில உள்ள உக்காந்திருக்கறவங்களக் காப்பாத்தற பலம் அந்தப் பாடிக்கு இருக்காது. நடுவுல இருக்கற கேஸ்தான் குழப்பம், அங்க நான் பாக்கறது இதுதான்: இதே மாடல்ல இன்ஜின் செத்துப்போய் பாடி நல்லா இருக்கற வண்டி எங்கயாவது நிக்குதா? இருந்தா அத அதோட ஆர்சியோட வாங்கி, உங்க வண்டி சாமான அதுக்கு மாத்தி, இன்ஜின் மாத்தினத ஆர்டிஓல பதிஞ்சுடலாம். தாத்தா வண்டி, அப்பா வண்டின்னா இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அது எனக்கும் தெரியும், ஆனா அப்பவும் ஸ்டெப் 3 பொருந்தும்.

விடறதுன்னு முடிவாயிட்டா முழுசா எடைக்குப் போடாதீங்க. முன் கண்ணாடி, குரோம், பேட்ஜ், மீட்டர் டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, பத்மினின்னா ஸ்டியரிங் கியர் லிங்கேஜ், இதெல்லாம் தனியா கழட்டி துணில சுத்தி வைங்க, இதத் தேடி அலையற ஆள் ஊருக்கு ஊர் இருக்காங்க. வண்டி இனிமே ஓடாதுன்னு ஆனதும் 14 நாளைக்குள்ள ஆர்டிஓவுக்குத் தகவல் குடுத்து ஆர்சிய ஒப்படைக்கணும், மீதி பாடிய அதுக்கப்புறம்தான் அரசு பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துக்கு அனுப்பணும், அதுவும் சேஸிஸ் நம்பர் இருக்கற தகட்ட யாரும் முழுசா வெட்டி எடுத்துட்டுப் போகாதபடி பக்கத்துல நின்னு பாத்துட்டு.