தாம்பூலப் பையும் வாட்ஸ்அப்பும்: டெல்டாவில் ஒரு சீர்வரிசைக் கடை விளம்பரத்தைக் கோக்கும் முறை

கும்பகோணத்தில் சீர்வரிசைப் பாத்திரம் வாங்க யாரும் தனியாக வருவதில்லை. பெண்ணின் அம்மாவும் அத்தையும் கடையில் நிற்பார்கள், பணம் போடும் மாமா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அம்மா பேப்பரோடு வந்த நோட்டீஸைப் பார்த்திருப்பார், பெண் இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பாள், மாமாவுக்குக் குத்துவிளக்கின் படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர வேண்டும். ஒரே பில்லுக்குப் பின்னால் மூன்று பேர், மூன்று வழி. ஆனால் நோட்டீஸை அச்சகக்காரர் ஒரு பக்கம் பார்க்கிறார், பேஸ்புக்கை யாரோ ஒரு தம்பி இன்னொரு பக்கம் பார்க்கிறார். இரண்டிலும் வேறு நம்பர், வேறு சலுகை, வேறு தேதி.

இதைச் சரிசெய்யப் பெரிய ஏஜென்சி வேண்டியதில்லை. ஒரு போன் நம்பர், ஒரு சலுகை, பில்லில் இரண்டு கட்டம் ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும். இங்கே பாத்திரக்கடையை வைத்துச் சொல்கிறோம். ஜவுளிக்கும் பர்னிச்சருக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

எப்போது ஆரம்பிப்பது

டெல்டாவில் கையில் காசு புழங்குவது அறுவடையைப் பொறுத்தது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். அந்தப் பணம் தீபாவளிக்குப் போய்விடும். சம்பா ஜனவரி கடைசியிலிருந்து அறுவடையாகி, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகு வங்கிக் கணக்கில் பணம் ஏறும். அதே சமயத்தில்தான் தை, மாசி, பங்குனி முகூர்த்தங்களும் வருகின்றன. ஆகவே சீர்வரிசைக்கு முக்கிய விளம்பரம் தை இரண்டாம் வாரத்திலிருந்து பங்குனி வரை. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. படம் எடுக்கவும் நோட்டீஸ் அச்சடிக்கவும் அந்த மாதத்தை ஒதுக்குங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் செலவழிக்க வேண்டாம், அப்போது எல்லோர் கண்ணும் ஜவுளியில்தான் இருக்கும்.

சலுகையே இரண்டு பக்கத்தையும் இணைக்கட்டும்

"10% தள்ளுபடி" என்று போட்டால் நோட்டீஸுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு பாலமும் வராது. பித்தளை விலை ஏறி இறங்குவதால் தை மாதம் அச்சடித்த தள்ளுபடி பங்குனியில் உங்கள் கழுத்தையே பிடிக்கலாம். அதைவிடப் பெயர் வெட்டித் தருவது நல்லது. "10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் எல்லாப் பாத்திரத்துக்கும் பெயர் வெட்டி, மண்டபத்திலேயே கொண்டுவந்து தருகிறோம். பெயரை இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்."

இந்த ஒரு வாசகத்தில் பல வேலை முடிகிறது. இன்ஷியல், எழுத்துப்பிழைத் தகராறு எழுத்திலேயே தீர்கிறது. வாடிக்கையாளர் தானாக முதல் செய்தி அனுப்புகிறார், உங்கள் நம்பரையும் சேமித்துக்கொள்கிறார். வெட்டிய பெயரைப் படமெடுத்து அனுப்பினால் அதைத் துபாய் மாமாவுக்கும் ஃபார்வர்ட் செய்வார்கள். மண்டபத்தில் கொண்டுவந்து தருவதை 25 கிலோமீட்டருக்குள் என்று எல்லை கட்டிக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து பார்த்தால் பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர், குடவாசல் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

நோட்டீஸ், சுவர், பை, பேஸ்புக், கூகுள் பிசினஸ் பக்கம் எல்லாவற்றிலும் இதே வாசகம், இதே படம், இதே நம்பர் இருக்கட்டும். காகிதத்தில் பார்த்த குத்துவிளக்கையே போனிலும் பார்த்தால்தான் "அந்தக் கடைதானே" என்று பொறி தட்டும். டிசைனர்கள் ஊடகத்துக்கு ஒரு படம் மாற்றிப் போட ஆசைப்படுவார்கள். விடாதீர்கள்.

க்யூஆர் குறி: பலர் சறுக்கும் இடம்

எந்த வழியில் வந்தார்கள் என்று தெரிய, ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனி க்யூஆர் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி தரும் க்யூஆரும் சுருக்க இணைப்பும் ஒரு நம்பருக்கு ஒன்றுதான், அதை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குப் பதில் வாட்ஸ்அப்பின் 'டபிள்யூஏ டாட் மீ' முகவரியில் நாட்டுக் குறியான 91-உடன் நம்பரைச் சேர்த்து, கடைசியில் முன்கூட்டியே எழுதிய செய்தியாக ஓர் எண்ணைப் போட்டுக் குறியை உருவாக்குங்கள். நோட்டீஸுக்கு 11, தாம்பூலப் பைக்கு 21, தினசரி காலண்டருக்கு 31 என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்பவர் அனுப்பும் பொத்தானைத் தட்டினால் உங்களுக்கு "11" என்று செய்தி வரும்.

அந்த இடத்தில் அழகாகத் தமிழில் எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். இணைய முகவரிக்குள் போகும் தமிழில் ஒவ்வொரு மெய்யும், ஒவ்வொரு கொம்பும் கொக்கியும், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக 9 எழுத்துக்குறிகளாக விரியும். "சீர்வரிசை" என்ற ஒரு சொல் மட்டும் 81 எழுத்துக்குறி. குறி கொஞ்சம் சேதமானாலும் போன் படிக்கும்படி செய்வதுதான் பிழைத்திருத்தம். அதன் அதிகபட்சத்தில், அதாவது 'எச்' அளவில், வெறும் "11" போட்டால் க்யூஆர் 33-க்கு 33 கட்டத்தில் முடிகிறது. அந்தச் சொல்லைப் போட்டால் 57-க்கு 57 ஆகிறது. இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் அச்சடித்தால் முதலாவதில் ஒரு கட்டம் முக்கால் மில்லிமீட்டர், இரண்டாவதில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மலிவான தாளில் மை கொஞ்சம் ஊறினாலே போன் தடுமாறும்.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். கையில் பிடிக்கும் நோட்டீஸுக்கு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் போதும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் ஃபிளக்ஸுக்கு அரை மீட்டர். பஸ்ஸின் பின்புறத்திலும் ஊர்ச் சுவரிலும் க்யூஆர் தண்டம், அங்கே நம்பர் மட்டும் ஐந்து ஐந்தாகப் பிரித்துப் பெரிதாக இருக்கட்டும். 50 அடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து 5 அங்குலமாவது வேண்டும், ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பதானால் இன்னும் கூட்டுங்கள். சுவர்க்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள்.

இலவசம் என்று சொல்லும் சில இணையதளங்கள் 'டைனமிக்' குறி தருவார்கள். முகவரி அவர்கள் சர்வர் வழியாகப் போகும், சோதனைக் காலம் முடிந்ததும் குறி செத்துவிடும். நோட்டீஸ் என்றால் பரவாயில்லை. வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும் காலண்டரில் அது நடந்தால் அச்சுக்கூலி மொத்தமும் வீண். முகவரி நேராகக் குறிக்குள்ளேயே இருக்கும் 'ஸ்டாட்டிக்' குறிதான் கேளுங்கள். கறுப்பு வெள்ளையில், நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலம் வெள்ளை இடம் விட்டு அச்சடியுங்கள். மஞ்சளில் சிவப்பு மங்களகரமாக இருக்கலாம், கேமராவுக்குப் பிடிக்காது.

தாம்பூலப் பை

டெல்டாவில் இதைவிடச் சரியான ஆளிடம் போய்ச் சேரும் விளம்பரம் வேறில்லை. ஒரு கல்யாணத்துக்கு வருபவர்களில் அடுத்த கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் கட்டாயம் இருப்பார்கள். சீர்வரிசை வாங்கும் வீட்டுக்கே பையையும் நீங்கள் அச்சடித்துக் கொடுங்கள். ஒரு பக்கம் மணமக்கள் பெயர், மறுபக்கம் கடைப் பெயர், வாசகம், குறி. மணமக்கள் பக்கத்தில் கடைப் பெயர் ஒரு ஓரத்தில்கூட வரக்கூடாது.

துணியில் ஸ்கிரீன் அச்சு போடும்போது இழைகளின் இடைவெளியில் மை பரவும். அதனால் குறி 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 'எச்' பிழைத்திருத்தத்தோடு இருக்க வேண்டும். நடுவில் லோகோ சொருக வேண்டாம். பையின் நட்டநடுவில் போட்டால் தேங்காய் வைத்ததும் துணி உப்பி, குறி வளைந்து, ஸ்கேன் ஆகாது. மேல்விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே, ஒரு ஓரமாகப் போடுங்கள். மொத்தமும் அச்சடிப்பதற்கு முன் ஒரு மாதிரிப் பை வாங்கி, தேங்காய், வெற்றிலை, பழம் வைத்து, மண்டப வெளிச்சத்தில் மூன்று விதப் போன்களில் சோதியுங்கள். புதிய போனில் வேலை செய்வது பெரிய விஷயமில்லை, கேமரா கீறிய பழைய ஆண்ட்ராய்டில் வேலை செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் பக்கம்

வாட்ஸ்அப் பிசினஸில் வாழ்த்துச் செய்தியை ஏற்றிவிடுங்கள். முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் திரும்ப எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். "வணக்கம். கல்யாணத் தேதியும் ஊரும் சொல்லுங்க, சீர் பட்டியல் அனுப்புறோம்" என்ற அளவே போதும். தேதி கிடைத்தால்தான் யாருக்கு எப்போது மறுபடி எழுதுவது என்று தெரியும். வந்த எண்ணுக்கு ஏற்ப 11, 21, 31 என்று லேபிள் ஒட்டுங்கள். கேட்டலாக்கில் முப்பது பொருள் போதும், ஒவ்வொன்றுக்கும் எடை கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர் முதலில் கேட்பது எடையைத்தான். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்று போட்டால் அது நாச்சியார்கோயிலில் செய்ததாகவே இருக்கட்டும், புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது.

ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தட்டில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தம் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஆயிரம் பேரைப் பட்டியல்களில் ஏற்றியும் பதிலே இல்லை என்று சொல்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பெயர் வெட்டும் சலுகை இங்கேதான் கைகொடுக்கிறது. மண்டப மேனேஜரிடம் முகூர்த்தப் பதிவுப் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கி, தெரியாத நம்பர்களுக்குத் தள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாலு பேர் 'ரிப்போர்ட்' அடித்தால் கடை நம்பரே முடங்கலாம், அது காலண்டரிலும் சுவரிலும் ஏறிவிட்ட நம்பர். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைக் கேட்கிறது.

காகிதமும் போனும் எந்த வரிசையில்

ஞாயிறு பேப்பரில் ஏற்கெனவே நாலைந்து நோட்டீஸ் இருக்கும், உங்களுடையது டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய்விடும். புதன்கிழமை செருகுங்கள். குடும்பமாகப் பேசி வெள்ளி முதல் ஞாயிறுக்குள் வருவார்கள். ஏஜென்டிடம் மொத்தமாகக் கட்டைக் கொடுக்காமல் லைன் வாரியாக எண்ணிக் கொடுங்கள். இரண்டு தெருவில் தெரிந்த வீட்டில் விசாரித்தால் உண்மையில் செருகினார்களா என்று தெரிந்துவிடும். அளவுக்கு 1/8 டெமி, அதாவது ஏறக்குறைய அரை ஏ4 தாள், போதும்.

நோட்டீஸ் போன இரண்டாம் நாள் அதே ஊர்களில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை ஆரம்பித்து ஏழெட்டு நாள் ஓடவிடுங்கள். தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தனியாக 41 என்று எண் கொடுங்கள். கும்பகோணத்தை நடுவில் வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போடாதீர்கள், தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே வாங்குவார். நோட்டீஸ் போன ஊர் ஒவ்வொன்றிலும் விளம்பர வரைபடத்தில் சிறு வட்டமாக ஊசி குத்துங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்கு வந்துபோகிறவர்களுக்கும் அந்த விளம்பரம் போகும். சனி, ஞாயிறில் நவக்கிரகக் கோயில் சுற்ற வரும் சென்னைக்காரர்கள் உங்கள் காசைத் தின்பார்கள். கும்பகோணம் நகர ஊசிக்கு மட்டும் வாரக் கடைசியில் நிறுத்திவையுங்கள்.

பில்லில் இரண்டு கட்டம்

"எதைப் பார்த்து வந்தீங்க?" என்று கேட்டால் "தெரிஞ்ச கடைதானே" என்ற பதில்தான் வரும், அதில் ஒன்றும் தேறாது. கல்லாவில் இருப்பவர் இரண்டே கேள்வி கேட்கட்டும்: "நோட்டீஸோ பையோ வந்துச்சாக்கா? வாட்ஸ்அப்ல பேசுனீங்களா?" ரப்பர் ஸ்டாம்பில் 'தாள்', 'போன்' என இரண்டு கட்டம். இரண்டிலும் டிக் விழுந்த பில்களைத் தனியாகக் கூட்டுங்கள். அவற்றின் சராசரித் தொகை மற்றவற்றைவிட அதிகமாக இருந்தால் கோத்தது பலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நோட்டீஸுக்கு 20,000 செலவாகி 40 பில் வந்தால் ஒரு பில்லுக்கு 500. போன் விளம்பரத்துக்கு 15,000 போய் 12 பில் வந்தால் 1,250. இதைப் பார்த்ததும் போன் விளம்பரத்தை நிறுத்தக் கை துறுதுறுக்கும். நிறுத்தும் முன் வலங்கைமானில் நோட்டீஸ் மட்டும், பாபநாசத்தில் இரண்டும் என்று ஒரு சீசன் பிரித்துப் போட்டு, ஊர் வாரியாக மொத்தப் பில்லைப் பாருங்கள். நோட்டீஸை எடுத்துவைத்தவர் போனில் படம் பார்த்த பிறகே கிளம்பியிருக்கலாம், அப்போது பில் 'தாள்' கணக்கில் விழுந்திருக்கும்.

போலீசும் பஞ்சாயத்தும்

ஃபிளக்ஸுக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி ஆட்டோவுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எப்போதும் கூடாது. மொத்த எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி பதிவு, அதாவது அனுப்புபவர் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் செய்யும் பதிவு, இல்லாமல் போகாது. வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் ஸ்கூட்டர் என்று அறிவித்துவிடாதீர்கள், 1979-ஆம் ஆண்டு பரிசுத் திட்டத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். பல கம்பெனிப் போட்டிகளில் 'தமிழ்நாடு நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருப்பது இதனால்தான். பரிசு கொடுக்க விரும்பினால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கும் எல்லோருக்கும் ஒரே பொருளாகக் கொடுங்கள்.

பங்குனி முடிந்ததும் 11, 41 கணக்கை மூடிவிடலாம். 21-ஐ ஆவணி வரையிலும், 31-ஐ வருஷக் கடைசி வரையிலும் திறந்தே வையுங்கள். அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் ஆடிப்பெருக்கை ஒட்டி சிவகாசியிலிருந்து வந்துவிடும். அதற்குள் 31-க்கு வந்த செய்திகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.