பக்கம் திறக்கவில்லையா? இணையத் தணிக்கையில் நாம் செய்யும் தவறுகள்

வட ஆப்பிரிக்க நாடான துனீசியாவில் அதிபர் பென் அலி ஆட்சி நடந்த காலத்தில், அரசுக்குப் பிடிக்காத தளத்தைத் திறந்தால் ‘404, பக்கம் கிடைக்கவில்லை’ என்று வரும். அது பொய். 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பொருள். உள்ளே விட மறுப்பதற்கு உரிய எண் 403. அந்த நாட்டின் இணையப் போக்குவரத்து 1996-ல் தொடங்கப்பட்ட அரசு இணைய முகமை வழியாகப் போய் வந்தது. அங்கே வைத்திருந்த வடிகட்டும் மென்பொருள்தான் இந்தப் பொய்ப் பக்கத்தை மக்களுக்கு அனுப்பியது.

அங்குள்ள வலைப்பதிவர்கள், கண்ணில் படாத அந்தத் தணிக்கையாளனுக்கு ‘அம்மார்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். ‘அம்மார் 404’. பெயர் வைத்தபின் அவனைத் திட்ட முடிந்தது, கார்ட்டூனில் வரைய முடிந்தது, ‘எங்களை விடு, அம்மார்’ என்று 2010-ல் ஓர் இயக்கமே நடத்த முடிந்தது. அவர்களுடைய அனுபவத்தை வைத்துப் பார்த்தால், நம்மில் பலர் இன்றும் செய்யும் தவறுகள் தெளிவாகத் தெரிகின்றன.

தடையைக் கோளாறு என்று நினைத்துக்கொள்வது

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான். 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். 23-ம் தேதியே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நெட்டை நிறுத்த அரசு உத்தரவிட்டது. நாகர்கோவிலில் இருந்த என் சித்தப்பா டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்து, கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்துவிட்டு வந்தார். அப்புறமும் வரவில்லை. போனை அணைத்து, சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். நான் போனில் சொன்ன பிறகுதான் அரசு நிறுத்தியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தன்னிடம்தான் ஏதோ பிழை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

2025 பிப்ரவரியில் விகடன் தளம் பலருக்குத் திறக்காமல் போனபோதும் இதே குழப்பம். பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த கார்ட்டூன் வெளிவந்த சில நாட்களில் தளம் முடங்கியது. ஆனால், முதலில் எந்த அறிவிப்பும் வரவில்லை என்று விகடனே சொன்னது. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுப்படி அரசு தளங்களைத் தடுக்க முடியும். அதற்காக 2009-ல் வந்த விதிகளின் 16-வது விதி, இந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆகவே காரணம் தானாக நம்மைத் தேடி வராது, நாம்தான் தேட வேண்டும்.

ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு பிராட்பேண்டிலும் மொபைல் நெட்டிலும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். வெளியூரில், முடிந்தால் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘ஊனி புரோப்’ என்ற இலவசச் செயலி, எந்தத் தளம் எந்த இணைப்பில் தடுக்கப்படுகிறது என்று சோதித்து முடிவைப் பொதுவில் பதிவு செய்கிறது. தணிக்கை கடுமையாக இருக்கும் நாட்டில் அதை ஓட்டுவதே கவனிக்கப்படலாம், யோசித்துச் செய்யுங்கள். சட்ட காரணத்தால் தடுக்கப்பட்ட பக்கத்துக்கென்றே 451 என்று ஓர் எண் 2016-ல் முறையாக வந்துவிட்டது. ஆனால், அதை நேர்மையாகக் காட்டும் அரசுகள் குறைவு.

லாகின் பக்கத்தைப் பார்க்காமல் பாஸ்வேர்ட் போடுவது

2010 டிசம்பர் 17-ல் துனீசியாவின் சிடி பூசிட் ஊரில் தெருவோர வியாபாரி முகமது பூவாசிசி தீக்குளித்த பிறகு, நாடு முழுக்கப் போராட்டம் பரவியது. வீடியோக்கள் ஃபேஸ்புக்கில் ஓடின. ஃபேஸ்புக்கை மூடினால் ஊரே கொதிக்கும் என்று அரசுக்குத் தெரியும், 2008-ல் இரண்டு வாரம் மூடிப் பார்த்துத் திறந்துவிட்ட அனுபவம் இருந்தது. அதனால் இம்முறை மூடவில்லை. ஃபேஸ்புக், ஜிமெயில், யாஹூ ஆகியவற்றின் லாகின் பக்கங்கள் நாட்டுக்குள் நுழையும்போதே அவற்றில் சில வரி நிரலைச் செருகிவிட்டார்கள். பார்ப்பதற்கு அதே பக்கம்தான். பாஸ்வேர்டை அடித்துப் பொத்தானை அழுத்தியதும், அந்த நிரல் பெயரையும் பாஸ்வேர்டையும் உருமாற்றி, ஃபேஸ்புக்கில் இல்லவே இல்லாத ஒரு முகவரிக்கு அனுப்பும். அது நாட்டைத் தாண்டிப் போகும் வழியிலேயே அரசின் வடிகட்டும் மென்பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல வலைப்பதிவர்களின் கணக்குகள் இப்படித்தான் பறிபோயின.

பூட்டுக் குறி உள்ள, ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் பக்கங்களில் இந்த வேலை நடக்காது. ஃபேஸ்புக் கடைசியில் துனீசியாவுக்கு முழுக்க அந்த வழியையே கட்டாயமாக்கி, உள்ளே வருபவர்களிடம் நண்பர்களின் படங்களைக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னது. இன்று பெரிய தளங்கள் எல்லாம் இயல்பாகவே அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால், ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் எச்சரித்தால் ‘பரவாயில்லை, தொடரலாம்’ என்று தட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தடையைத் தாண்ட உதவும், ஆளை மறைக்காது. உங்கள் இணைப்பு நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். உங்கள் பெயரிலேயே ஃபேஸ்புக்கில் நுழைந்தால் விபிஎன் இருந்தும் பயன் இல்லை.

புனைபெயர் போதும் என்று நம்புவது

துனீசியாவைச் சேர்ந்த சுஹைர் யஹ்யாவி 2001-ல் ‘துனேசீன்’ என்ற தளத்தைத் தொடங்கினார். ‘எத்தூன்சி’, அதாவது ‘துனீசியன்’ என்பது அவருடைய புனைபெயர். துனீசியா ஒரு குடியரசா, முடியரசா, விலங்குக் காட்சிசாலையா, சிறையா என்று வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். 2002 ஜூன் 4-ல் ஒரு நெட் சென்டரில் வைத்துப் பிடித்தார்கள். சித்திரவதை செய்து தளத்தின் பாஸ்வேர்டை வாங்கினார்கள். 2003 நவம்பரில் வெளியே வந்தவர், 2005 மார்ச் 13-ல் மாரடைப்பால் இறந்தார். வயது 37.

புனைபெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு திரை, சுவர் அல்ல. புனைபெயர்க் கணக்கை உங்கள் சொந்த மொபைல் எண்ணில் தொடங்கினால் திரைகூட இல்லை. இடக்குறிப்பு நீக்காமல் ஏற்றும் புகைப்படமும் வீட்டுவாசலைக் காட்டிக்கொடுத்துவிடும். தளத்தின் சாவி ஒரே ஆளிடம் இருப்பது இன்னும் ஆபத்து, அந்த ஆளுக்கே ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடமும் அது இருக்கட்டும்.

ஒரே பிரதி வைத்திருப்பது

துனீசிய வலைப்பதிவர் லீனா பின் மஹன்னி தன் சொந்தப் பெயரிலேயே எழுதினார். 2010-ல் அவர் வீட்டுக்குள் யாரோ நுழைந்து லேப்டாப்பையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும், 2011 ஜனவரியில் ரெகேப், கஸ்ரீன் என்று ஊர் ஊராகப் போய், சுடப்பட்டவர்களின் உடல்களைப் படமெடுத்து வெளியிட்டார். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட உடம்போடு அலைந்தவர் அவர். லேப்டாப்பில் மட்டும் இருக்கும் பிரதி அதோடு போய்விடும், அதனால் எடுத்த படத்தை அன்றே வேறோர் இடத்துக்கு அனுப்பி வையுங்கள். தளம் திறந்திருக்கும்போதே இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

தனியாக, சத்தமில்லாமல் தாங்கிக்கொள்வது

எல்லாவற்றையும் மறைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறுதான். 2011 ஜனவரி 6-ல் வலைப்பதிவர் ஸ்லிம் அமாமு கைதானபோது, அவர் போனில் இருந்த இடம் காட்டும் வசதி அவர் உள்துறை அமைச்சகத்தில் இருப்பதை நண்பர்களுக்குக் காட்டியது. ஆள் எங்கே என்று தெரிந்ததால் உலகம் முழுக்கக் கேள்வி கேட்க முடிந்தது. மற்ற நேரங்களில் இடம் காட்டுவதை அணைத்து வைக்கும் அதே ஆள், பிடிபடும் நேரத்தில் அதைத் திறந்துவிடுவது சில சமயம் உயிரைக் காக்கும். இதை முன்கூட்டியே இரண்டு பேரிடம் பேசி வைத்திருக்க வேண்டும்: எத்தனை மணி நேரம் தகவல் இல்லை என்றால் எந்த வக்கீலுக்குச் சொல்வது, எந்தக் கணக்கை மூடுவது என்று.

ஒருமுறை ஜெயித்தால் முடிந்தது என்று நினைப்பது

2011 ஜனவரி 14-ல் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். சில நாட்களில் அமாமு இளைஞர், விளையாட்டுத் துறையில் இணை அமைச்சரானார். ஆனால், அதே ஆண்டு மே மாதம், ராணுவ நீதிமன்றம் கேட்டதற்காகச் சில பக்கங்கள் மறுபடி தடுக்கப்பட்டன. ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த முறை பொய் 404 வரவில்லை, நீதிமன்ற உத்தரவால் தடுக்கப்பட்டது என்று அரசு இணைய முகமை வெளிப்படையாகப் பக்கத்தில் போட்டது. அமாமு பதவியை விட்டு விலகினார்.

2022 செப்டம்பரில் அங்கே 54-வது ஆணைச் சட்டம் வந்தது. பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்து ஆண்டு சிறை, அரசு அதிகாரியைப் பற்றியது என்றால் பத்து. 2024 மே மாதம், தொலைக்காட்சியில் சொன்ன ஒரு கருத்துக்காக வழக்கறிஞர் சோனியா தஹ்மானியை வழக்கறிஞர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து கைது செய்தார்கள். தணிக்கையைக் கணக்கெடுப்பவர்கள் திறக்காத பக்கங்களை மட்டும் எண்ணினால் இந்தக் கைது அந்தக் கணக்கில் வராது.