நார்ஸ் அணியை எடுத்தவர்கள் செய்யும் தவறுகள்

பிளட் பௌல் என்ற பலகை விளையாட்டில் நார்ஸ் அணியை முதன்முதலாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். வைக்கிங்குகள், கோடரி, தாடி, ஆகவே எதிரில் நிற்பவனை எல்லாம் அடித்துக்கொண்டே இருந்தால் போதும் என்று. இது பாதிதான் சரி. நார்ஸ் நன்றாக அடிக்கும், ஆனால் அடி தாங்காது. இந்த ஒன்று மனதில் பதியாததால்தான் மற்ற தவறுகளும் வருகின்றன. நான் இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 2020 பதிப்பின் விதிகளிலும், அதற்காக 2022-ல் வந்த அணிப் பட்டியலிலும் உள்ளவை.

50,000 பொற்காசு விலையுள்ள சாதாரண ஆளான லைன்மேனுக்கே பிளாக் திறன் இருக்கிறது, அதாவது இருவரும் விழும் பகடை முகம் வந்தாலும் அவன் விழ மாட்டான். இரண்டு பகடையில் அடிக்கும்போது பிளாக் இல்லாத மற்ற அணிகளின் லைன்மேன் விழுந்து டர்ன்ஓவர் ஆகும் (முறை அப்படியே எதிராளிக்குப் போகும்) வாய்ப்பு ஒன்பதில் ஒன்று, நம் ஆளுக்கு முப்பத்தாறில் ஒன்றுதான். அதனால் கை தானாகவே அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று போகும். ஆனால் அவனுடைய கவசம் 8+, அதாவது இரண்டு பகடையின் கூட்டு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் உடையும். கீழே விழுந்தால் 36-ல் 15 முறை உடையும், அதாவது 42 சதவீதம். ஓர்க், குள்ளர் அணிகளில் பெரும்பாலானவர்களுக்கு 10+, 36-ல் 6 முறைதான் உடையும். அவர்களோடு மாறி மாறி அடித்துக்கொண்டு நின்றால் இரண்டாம் பாதிக்கு உங்களிடம் ஆள் இருக்காது, குள்ளர்களுக்கும் பிளாக் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு வழி, அடித்துத் தள்ளிய பிறகு பின்தொடராமல் இருப்பது. எதிராளி விழவில்லை, ஒரு கட்டம் பின்னால் மட்டும் போனான் என்றால் நீங்கள் அவன் இடத்துக்கு நகர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றால் நடுவில் ஒரு கட்டம் இடைவெளி கிடைக்கும், அப்புறம் அவன் உங்களை அடிக்க பிளிட்ஸ் (நகர்ந்து வந்து அடிப்பது) வேண்டும், அது ஒரு டர்னுக்கு ஒன்றுதான். ஐந்து பேரை எதிராளி பக்கத்தில் விட்டுவைத்தால் ஐந்து அடி வாங்குவீர்கள், விலக்கி நிறுத்தினால் ஒரே ஒரு அடி. அடிபட்டுத் தரையில் கிடப்பவன் பக்கத்தில் நிற்பதில் பயமில்லை, எழுந்து வந்து அடிக்க அவனுக்கும் அந்த ஒரே பிளிட்ஸ்தான் இருக்கிறது.

பின்தொடராமல் நிற்கும் இந்த வசதி பிரென்சி என்ற திறன் உள்ளவர்களுக்குக் கிடையாது. அணியின் சிறப்பு ஆட்களில் பெர்செர்க்கர் இருவர், உல்ஃப்வெரனர் இருவர், யெட்டி, எல்லோருக்கும் பிரென்சி இருக்கிறது. முதல் அடியில் எதிராளி விழாமல் பின்னால் போனால் துரத்திப் போய் இரண்டாவது அடி அடித்தே ஆக வேண்டும். முதல் அடிக்கு பக்கத்தில் ஒரு லைன்மேன் துணை நின்றான், இரண்டு பகடை கிடைத்தது, அதில் நல்லதை நீங்கள் எடுக்கலாம், சரி. ஒரு கட்டம் முன்னால் போன பிறகு அந்தத் துணை எட்டவில்லை, அங்கே இரண்டு ஓர்க்குகள் எதிராளிக்குத் துணை நிற்கிறார்கள் என்றால் பகடையைத் தேர்ந்தெடுப்பது எதிராளி. ஆகவே அடிப்பதற்கு முன்னால் அவனை எந்தெந்தக் கட்டத்துக்குத் தள்ள முடியும், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து இரண்டாவது அடிக்கும் கணக்குப் போடுங்கள். இது சோம்பல் படக்கூடாத இடம். மைதான ஓரத்தில் ஒரு ஆளைத் தனியாக நிறுத்தி உங்கள் பெர்செர்க்கரை இழுப்பார்கள், நீங்கள் ஆசைப்பட்டு ஓரக்கோடு வரை போனால் அடுத்த டர்னில் மைதானத்துக்கு வெளியே பார்வையாளர் கூட்டத்துக்குள் போகப்போவது உங்கள் ஆள். பிளிட்ஸில் என்றால் இரண்டாவது அடிக்கும் ஒரு நகர்வு செலவாகும், அதை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

நார்ஸ் என்றாலே எல்லோருக்கும் பிளாக் இருக்கும் என்று நினைப்பது இன்னொரு தவறு. உல்ஃப்வெரனருக்கு இல்லை, வால்கைரிக்கு இல்லை, யெட்டிக்கும் இல்லை. உல்ஃப்வெரனர் பலம் 4, கட்டாயமாக இரண்டு முறை அடிப்பவன், அவனுக்குத்தான் பிளாக் முதலில் வேண்டும். 6 அனுபவப் புள்ளி போதும், ஆட்ட நாயகன் விருதுக்கு 4, ஒருவனைக் காயப்படுத்தி வெளியே அனுப்பினால் 2. வேறு திறன்களுக்கு அலைவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வால்கைரியை வெறும் பந்து சுமக்கும் ஆளாக மட்டும் வைத்திருப்பதும் வீண். எதிராளியைத் தள்ளினாலே பந்தைத் தட்டிவிடும் திறனும், பலம் 4 உள்ளவனையும் 2+ வந்தால் சமமாக எதிர்க்கும் துணிச்சலும் அவளிடம் இருக்கிறது. பந்து எதிரணியிடம் இருக்கும்போது உங்கள் பிளிட்ஸ் பெரும்பாலும் அவளுடையதாக இருக்கட்டும்.

லைன்மேன்கள் குடிகாரர்கள், தங்கள் நகர்வு அளவை மீறி ஓடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பகடையில் 3+ வேண்டும். இரண்டு கட்டம் என்றால் ஒன்பதில் நான்கு, பாதிக்கும் கீழே. டச் டவுனுக்கு லைன்மேனை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பீர் பீப்பாய் சுமக்கும் பன்றி 20,000-தான், ஆனால் அதை முன்வரிசையில் நிறுத்திச் சாகடிப்பவர்கள் நிறைய. பலம் 1, பந்தைத் தொடவே முடியாது. எதிராளி டர்ன் முடியும்போது மூன்று கட்டத்துக்குள் விழுந்து கிடக்கும் நம் ஆட்களை 5+ வந்தால் எழுப்பிவிடும், அதற்கு அது நின்றுகொண்டிருக்க வேண்டும். எனவே சண்டைக்கு இரண்டு மூன்று கட்டம் பின்னால்தான் அதன் இடம்.

யெட்டியைத் தொடக்கத்திலேயே வாங்குவது எனக்குப் பிடிக்காது. 1,40,000 கொடுத்து, ரீரோல் (பகடையை மறுபடி உருட்டும் வாய்ப்பு) பாதி நேரம் வேலை செய்யாத, அடிக்காமல் நகர மட்டும் சொன்னால் 4+ கேட்கும் ஆளை எடுப்பதற்குப் பதில் 2 உல்ஃப்வெரனர், 2 பெர்செர்க்கர், 2 வால்கைரி, 5 லைன்மேன், 2 ரீரோல், ஒரு மருத்துவர் என்று எடுத்தால் சரியாக 10,00,000 ஆகிறது. மாற்று ஆள் இல்லை, அதனால் முதல் வருமானத்தில் ஒரு லைன்மேன் வாங்குங்கள். மருத்துவரை ஆட்டத்துக்கு ஒரு முறைதான் பயன்படுத்த முடியும், முதல் லைன்மேன் அடிபட்டதும் பதறிக் கூப்பிடாமல் உல்ஃப்வெரனருக்காக வைத்திருங்கள்.