பழைய காரில் இன்ஜின் சத்தம்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ரங்கூனில் ஓடும் ப்ரோபாக்ஸ், ஹோண்டா ஃபிட் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் நன்றாக உழைத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த வண்டிகள். ஒருநாள் இன்ஜினில் புதிதாக ஒரு சத்தம் கேட்கும். உடனே பக்கத்து வீட்டு மாமா, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் டாக்சிக்காரர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்: செயின் (வால்வுகளை இயக்கும் சங்கிலி) போச்சு, டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்), பேரிங். அந்தப் பெயரோடு பட்டறைக்குப் போவதுதான் முதல் தவறு. "செயின் மாத்துங்க" என்று நின்றால் சயா (பட்டறை மெக்கானிக்) செயினை மாற்றித் தருவார், காசு வாங்குவார், சத்தம் அப்படியே இருக்கும். அவரிடம் சொல்ல வேண்டியது வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? வண்டி நிற்கும்போது ஐட்லிங்கிலா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? ஏசி போட்டால் கூடுகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த தவறு, சூடான வண்டியைக் காட்டுவது. திங்கன்ஜுனிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து பட்டறை போய்ச் சேர்வதற்குள் காலைச் சத்தம் காணாமல் போயிருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் முதல் ஸ்டார்ட்டைப் போனில் பதிவு செய்யுங்கள். ப்ரோபாக்ஸின் 1என்இசட் இன்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி ஓரிரு விநாடி கரகரத்துவிட்டு அடங்கினால் அது டென்ஷனருக்கு ஆயில் ஏறும் நேரம். அடங்காமல் தொடர்ந்தால் செயினைச் சந்தேகிக்கலாம். பழைய 5ஏ இன்ஜின் கொரோலாவில் இருப்பது டைமிங் பெல்ட்; அதில் செயின் சத்தம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

காலையில் டிக் டிக் என்று வந்து சூடானதும் மறைவது பல நேரம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். இதை டாப்பெட் என்று நினைத்து வால்வ் கவரைத் திறப்பவர்கள் நிறைய. அந்தக் குழாய் இன்ஜினோடு சேரும் கேஸ்கட் ஓரத்தில் கரிப்படிவு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். டாப்பெட்டேதான் என்றாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஃபிட்டில் ஸ்க்ரூவைத் திருப்பி டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்யலாம். ப்ரோபாக்ஸில் அது முடியாது. கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கழற்றி வேறு தடிமன் உள்ள பக்கெட் (கிண்ணம்போன்ற டாப்பெட்) போட வேண்டும். "அரை மணியில டாப்பெட் டைட் பண்ணித் தர்றேன்" என்று ப்ரோபாக்ஸுக்கு ஒருவர் சொன்னால் வேறு பட்டறை தேடுவது நல்லது.

டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பார்க்காமலே இதையெல்லாம் பேசுகிறோம், அதுவும் தவறுதான். சமதரையில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் அதை நிரப்பிவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி. "நம்ம ஊர் வெயிலுக்குத் தடித்த ஆயில்தான் சரி" என்று கையேட்டில் இல்லாத கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவார்கள். சத்தம் குறையும், தேய்மானம் நிற்காது. காலை ஸ்டார்ட்டில் மேலே ஏற அந்த ஆயிலுக்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

கீச்சிடும் சத்தம், உறுமல் போன்றவற்றுக்கு இன்ஜினைக் குறை சொல்லுமுன் வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டை (டைமிங் பெல்ட்டை அல்ல) கழற்றிவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் அல்லது பெல்ட் என்று தேடும் இடம் சுருங்கிவிடும். ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். பெல்ட் இல்லாவிட்டால் பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் சுற்றாது.

நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துக் கேட்பது ஏறக்குறைய எல்லோரும் செய்வது. சில சத்தங்கள் பாரம் இழுக்கும்போது மட்டும்தான் வரும். ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஹ்லேடான் மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். பாத்திரத்தில் கடுகு பொரிவதுபோல் வந்தால் பெட்ரோல் தட்டுதலாக (சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல் வெடிப்பது) இருக்கலாம். 92 ஆக்டேன் போடுகிறவர்கள் 95 போட்டுப் பார்க்கட்டும். சிஎன்ஜியும் உள்ள வண்டிக்குச் சோதனை இன்னும் சுலபம்: கேஸில் வராமல் பெட்ரோலில் மட்டும் வந்தால் தட்டுதல்தான், ஏனென்றால் கேஸுக்கு ஆக்டேன் (தட்டுதலைத் தாங்கும் திறன்) அதிகம். இரண்டிலும் ஒரேமாதிரி வந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கு ஒரு விஷயம். சத்தம் தானாகக் குறைந்தது என்று சந்தோஷப்படக் கூடாது. கேஸில் ஓடும்போது வால்வ் உட்காரும் இடம் சீக்கிரம் தேயும், டாப்பெட் இடைவெளி சுருங்கும், டிக் டிக் அடங்கும். அப்புறம் வால்வ் முழுதாக மூடாமல் கருகி, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவிடும்.

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் முறை நல்லதுதான். சத்தம் பெரிதாகக் கேட்ட முதல் இடத்தையே குற்றவாளி ஆக்குவதுதான் பிரச்சினை. இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் ஓடும். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், வால்வ் கவர், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) என்று எல்லா இடத்திலும் வைத்து ஒப்பிட வேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள்; ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். ஓட்டும்போது கேட்க நமக்கு ஒரு வசதியும் உண்டு. 1970இல் இந்த நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது, ஜப்பான் வண்டியின் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதனால் ஓரமாக மதில் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் எதிரொலி நேராக ஓட்டுநர் காதில் விழும். ஜெனரேட்டர்கள் முழங்காத விடியற்காலையில் போங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டி அணைந்தால் திரும்பத் திரும்பச் சாவி போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடும். புதுச் சத்தம் பல நேரம் அப்படித்தான் பிறக்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது, அடியிலிருந்து கனமான டக் டக் சத்தமும் சிவப்பு ஆயில் விளக்கும் சேர்ந்து வரும்போது "115 மைல் வரைக்கும் போய்ப் பார்த்துக்கலாம்" என்று (அது வழியில் எல்லோரும் நிறுத்தும் இடம்) மாந்தளே ரோட்டில் ஓட்டிக்கொண்டே இருப்பது. அந்த விளக்கு காட்டுவது ஆயில் அளவை அல்ல, பிரஷரை. ஓரங்கட்டி அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், வேறு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு போகட்டும். பட்டறையில் அந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். கேஜ் காட்டும் எண்ணைப் பார்த்த பிறகு, இன்ஜினைத் திறக்கலாமா என்று பேசலாம்.