ஏலப் பட்டியலில் ஒரு விளையாட்டு கார்டைப் படிப்பது எப்படி?

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் மாலை நேரத்தில் கேரம் போர்டைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருப்போம். போன மாதம் அங்கே ஒரு தம்பி செல்போனை நீட்டி, "அண்ணே, ஒரு பேஸ்பால் கார்டு 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போயிருக்கு. ஒரு அட்டைக்கா இவ்வளவு? எங்க வீட்டுப் பரண்லகூட பபுள்கம் அட்டை ஒரு டப்பா நிறைய கிடக்குது" என்றான். அவனுக்கு நின்றபடியே சொன்ன பதில் பாதியில் நின்றுவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். விளையாட்டு வீரர்களின் படம் போட்டு, பபுள்கம், சிகரெட் போன்றவற்றோடு வந்து, பலர் சேகரிக்கும் அட்டைகளைத்தான் இங்கே கார்டு என்கிறேன்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். பழக்கப்பட்டவர் கூடை அருகில் வந்ததும் விலையைக் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார். அதற்குள் அவர் மனதில் ஒரு விலை வந்துவிடும். கார்டு ஏலத்தில் நாம் செவுளைத் தூக்க முடியாது. கார்டு அமெரிக்காவில் இருக்கிறது, நாம் ராயபுரத்தில் இருக்கிறோம். நமக்குக் கிடைப்பது சில படங்களும் ஒரு பத்தி விவரமும்தான். அந்தப் பத்தியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அதற்குள்ளேயே விலை தெரியும். அதனால் முதல் சில மாதங்கள் விலை எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் படியுங்கள்.

படி 1: இது எந்த கார்டு?

பெரும்பாலான ஏலப் பட்டியல்கள் ஐந்து விஷயங்களோடு தொடங்கும்: ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், வரிசை, கார்டு எண், வீரர் பெயர். தம்பி காட்டியது "1952 டாப்ஸ், மிக்கி மேன்டில், எண் 311". டாப்ஸ் நிறுவனத்தின் பெயர், மேன்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர், '1952 டாப்ஸ்' என்பதே வரிசையின் பெயரும். இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் அது வேறு கார்டு, விலையும் வேறு.

ஆண்டை வீரரின் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஓட்டக் கணக்கோ கோல் கணக்கோ இருந்தால், அதில் கடைசியாக உள்ள ஆண்டுக்கு அடுத்த ஆண்டில்தான் கார்டு வந்திருக்கும், பெரும்பாலும். பின்னாளில் மறுபதிப்பு செய்தவற்றில் பல நேரம் சிறிய எழுத்தில் அதைக் குறித்திருப்பார்கள். அந்த வரியைத் தேடாமல் காசு கொடுக்கக் கூடாது.

'ரூக்கி கார்டு' என்ற சொல்லையும் நிதானமாகப் படியுங்கள். ஒரு வீரரின் முதல் கார்டு என்று பொருள். மேன்டிலின் ரூக்கி கார்டு 1951-ல் பௌமன் நிறுவனம் வெளியிட்டது. 12.6 மில்லியனுக்குப் போனதோ 1952 டாப்ஸ், அதாவது டாப்ஸில் வந்த அவருடைய முதல் கார்டு. முதலாவது என்பதாலேயே ஒன்றுக்கு விலை கூடிவிடாது. சேகரிப்பவர்கள் எதன்மீது ஆசை வைத்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான் விலை.

நம்மூருக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னை பாக்ஸிங் பெரியவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து நின்று கையை மடக்கிக் காட்டுவார்கள். அலியின் ரூக்கி கார்டை 'முகமது அலி' என்று தேடினால் உங்களுக்கு எளிதில் கிடைக்காது. அது 1960-ல் ஸ்வீடனில் ஹெம்மெட்ஸ் ஜர்னல் என்ற வார இதழோடு வந்தது, எண் 23, அதில் அலியின் அப்போதைய பெயரான கேஸியஸ் கிளே. ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்டு அது. இதழில் அச்சாகி வந்ததை வாசகர்கள்தான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். அதனால் பட்டியலில் 'கையால் வெட்டியது' என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், அந்த கார்டின் பிறப்பே அப்படித்தான். அதே சொல் 1952 டாப்ஸ் கார்டுக்கு வந்தால் கதை முடிந்தது. கார்டு எது என்று தெரியாமல் அதன் குறையை எடைபோட முடியாது என்பதற்காகத்தான் இது முதல் படி.

படி 2: கார்டின் நிலை

விலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் கையில் இருக்கும் கார்டில் பழகுங்கள். ஒரு நல்ல ஸ்கேல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு டார்ச் போதும். சௌகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ்தான். கையைக் கழுவித் துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

பார்க்க வேண்டியவை நான்கு: சென்டரிங், மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு.

சென்டரிங் என்றால் படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்பது. இடப்பக்க வெள்ளை ஓரத்தை அளந்து பாருங்கள், 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் 2. மொத்தம் 5. அதில் 3 என்பது 60 சதவீதம். எனவே இது 60/40. மேலும் கீழும் அதே போல அளந்து பாருங்கள். பிஎஸ்ஏ என்ற தரம் பார்க்கும் நிறுவனம் தன் உச்ச மதிப்பெண்ணான 10-க்கு முன்பக்கம் 55/45-க்குள் கேட்கிறது. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் மூலை ஊசி போல் இருந்தாலும் இந்த கார்டுக்கு 10 கிடைக்காது.

மூலைகளை லென்ஸில் பாருங்கள். வெறும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது லென்ஸில் பஞ்சு பிரிந்து வெள்ளையாகத் தெரியும். ஓரங்களில் சின்னச் சின்ன உடைப்பு இருக்கிறதா என்று பின்பக்கத்தில் பாருங்கள், அடர்ந்த நிறத்தில் அது சுலபமாகத் தெரியும். மேற்பரப்புக்கு டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் கீறலும் மடிப்புத் தடமும் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். நம் பகுதிக் கடல்காற்றில் அட்டை வளைந்திருக்கிறதா, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா, ரப்பர் பேண்ட் ஒட்டிய தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் அளவு. இன்றைய வழக்கமான கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். பழைய கார்டுகளுக்கு வரிசைக்கு வரிசை அளவு மாறும். உரிய அளவைவிடக் குறைந்திருந்தால், தேய்ந்த ஓரத்தை யாரோ நறுக்கிப் புதிதாகக் காட்டியிருக்கலாம். இந்தத் துறையில் மிகப் பெரிய வடு இதனால் வந்ததுதான். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு ஒன்றை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி இன்னொருவருடன் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கினார். பிஎஸ்ஏ அதற்கு 8 கொடுத்தது. உலகத்திலேயே நல்ல வாக்னர் என்று அதைக் கொண்டாடினார்கள். அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை நறுக்கியதாக 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸ்கேலை எடுக்காமல் இருக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஒரு கப்பல் மாலுமி அவருக்கு ஒரு சிகரெட் கார்டு கொடுத்தார். ஜான் பிளேயர் நிறுவனம் 1938-ல் வெளியிட்ட 50 கிரிக்கெட் வீரர்கள் வரிசையில் டான் பிராட்மேன். அப்பா அதை எல்ஐசி டைரிக்குள் வைத்திருந்தார். அவர் போன பிறகு, இது கெட்டுவிடக் கூடாதே என்று ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். சூடான பிளாஸ்டிக் அட்டையோடு ஒட்டிக்கொண்டது, இனி பிரித்தால் மைதான் உரிந்து வரும். ரேஷன் கார்டு, மார்க் ஷீட் என்று எல்லாவற்றையும் லேமினேட் செய்து பழகிய ஊர் நம்முடையது. தயவுசெய்து கார்டைச் செய்யாதீர்கள். ஒட்டாத மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் கெட்டியான உறை, ஈரம் படாத டப்பா. இது போதும்.

படி 3: எழுதியதும் எழுதாததும்

பெரிய ஏலங்களுக்கு வரும் முக்கியமான கார்டுகள் பெரும்பாலும் பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் போன்ற நிறுவனங்களில் தரம் பார்க்கப்பட்டு, மதிப்பெண்ணோடு பிளாஸ்டிக் கூட்டில் அடைபட்டு வருகின்றன. 10 என்றால் 'ஜெம் மின்ட்', 9 'மின்ட்', 7 'நியர் மின்ட்', 5 'எக்ஸலன்ட்'. இந்த 'எக்ஸலன்ட்' புதியவர்களை ஏமாற்றும். பிரமாதம் என்று நினைக்காதீர்கள், பத்துக்கு ஐந்து என்று மனதுக்குள் படியுங்கள். 'குட்' என்பது வெறும் 2.

எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து இருந்தால் அது குறை. 'ஓசி' என்றால் சென்டரிங் தவறு, 'எஸ்டி' கறை, 'எம்கே' பேனா போன்ற அடையாளம். எண்ணே இல்லாமல் 'ஆதென்டிக்' என்று மட்டும் இருந்தால், கார்டு அசல்தான், ஆனால் நறுக்கியதாகவோ வேறு விதத்தில் கைவைத்ததாகவோ இருக்கலாம். ஏன் எண் தரவில்லை என்பதை விவரத்தில் தேடுங்கள்.

எழுதியவர் எதைப் புகழ்கிறார், எதை விட்டுவிட்டார் என்று பார்ப்பது அடுத்த பழக்கம். 'நிறம் பளிச்சென்று இருக்கிறது, மூலைகள் உறுதி' என்று எழுதி சென்டரிங் பற்றிப் பேச்சே இல்லையென்றால் நேராகப் போய் ஓரத்தை அளந்து பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி, திரையிலேயே ஸ்கேலை வைத்து அளக்கலாம். விகிதம்தானே வேண்டும்.

'இந்த கிரேடில் மூன்று, இதற்கு மேல் ஒன்றும் இல்லை' என்பது போன்ற வரியும் வரும். கிரேடு என்பது அந்த மதிப்பெண்தான். தரம் பார்க்கும் நிறுவனங்கள் எந்தக் கார்டுக்கு எந்த மதிப்பெண் எத்தனை கொடுத்தோம் என்று கணக்கு வெளியிடுகின்றன. பழைய கார்டுகளுக்கு இந்தக் கணக்கு கனமானது. போன வருடம் வந்த கார்டுக்கு இதை நம்பாதீர்கள், நாளையே இன்னும் நூறு பேர் அனுப்புவார்கள்.

படி 4: விலை

இப்போது கையை எடுத்து எண்ணைப் பாருங்கள். அதே கார்டு, அதே நிறுவனத்தின் அதே கிரேடு, கடைசியாக நடந்த நாலைந்து விற்பனைகள். தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்கும் விலை கணக்கில் வராது, கைமாறிய விலைதான் கணக்கு. 2020, 2021 கொரோனா காலத்தில் கார்டு விலை எகிறி, பிறகு பல கார்டுகளுக்கு இறங்கியது. அந்த மாதங்களின் விலையை வைத்து இன்று கேட்டால் கை சுடும்.

நிறுவனமும் மதிப்பெண்ணும் காலமும் மாறினால் விலை எவ்வளவு மாறும் என்று மேன்டிலிலேயே பாருங்கள். பிஎஸ்ஏ 9 பெற்ற 1952 டாப்ஸ் 2021 ஜனவரியில் 5.2 மில்லியன் டாலர். எஸ்ஜிசி 9.5 பெற்ற இன்னொன்று 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 12.6 மில்லியன். விற்காமல் தேங்கிய 1952 கார்டுகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்த வரிசையை வடிவமைத்த, டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மிஞ்சியவற்றிலும் இவ்வளவு சுத்தமாக இருப்பது அபூர்வம். பழையது என்பது மட்டும் போதாது. என் அப்பாவின் 1938 வரிசை மேன்டிலைவிடப் பதினான்கு வருடம் மூத்தது, ஆனால் ஏராளமாக அச்சானது, இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது.

12.6 மில்லியனில் இன்னொரு பாடம் உண்டு. ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்தது 10.5 மில்லியனில். மீதி 2.1 மில்லியன், அதாவது 10.5-ல் 20 சதவீதம், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். உங்கள் கையில் 240 டாலர் இருந்தால், 1.2-ஆல் வகுத்து 200-க்கு மேல் கேட்காதீர்கள். அதுவும் தபால் செலவு, சுங்கவரி, வங்கி பிடிக்கும் தொகை எல்லாவற்றையும் தனியே எடுத்துவைத்த பிறகு.

பட்டியலில் உள்ள மதிப்பீடு நிறுவனத்தின் கணிப்பு மட்டுமே. தொடக்க விலையைப் பல இடங்களில் கீழ் மதிப்பீட்டின் பாதியை ஒட்டி வைப்பார்கள், ஆட்களை உள்ளே இழுக்க. 'ரிசர்வ்', அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டோம் என்று வைத்த தொகை, இருந்தால் அதைத் தொடாமல் கார்டு விற்காது. காசிமேட்டில் யார் விலை கேட்கிறார் என்று முகம் தெரியும். இங்கே தெரியாது. ஏல நிறுவனம் நடத்திய மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டதில், பொய்க் கேட்பு வைத்து விலையை ஏற்றியதும் அடக்கம். அதனால் ஒரே ஏல நிறுவனத்தின் பழைய விலைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் உச்ச விலையை ஏலத்துக்கு முந்தைய நாளே தாளில் எழுதி வையுங்கள்.

படி 5: நீங்களே ஒன்று எழுதுங்கள்

பரணில் உள்ள பபுள்கம் அட்டையை எடுங்கள். விலை போகுமா என்பது அப்புறம். அதற்கு ஐந்து வரியில் ஒரு விவரம் எழுதுங்கள். பெரிய குறை முதலில் வர வேண்டும். படம் இல்லாமல் அதைப் படிப்பவர் மனதில் உங்கள் கார்டு அப்படியே வர வேண்டும். நான் எழுதியது இது:

"1938, ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ், கிரிக்கெட் வீரர்கள், 50 கார்டு வரிசை. டான் பிராட்மேன். சூடான முறையில் லேமினேட் செய்யப்பட்டது, பிரிக்க முடியாது. இடது மேல் மூலை மழுங்கியது, கீழ் வலது மூலையில் 4 மில்லிமீட்டர் மடிப்புத் தடம், பின்பக்கம் டைரி மை ஒட்டிய நீலக் கறை. முன்பக்கச் சென்டரிங் 55/45. நிறம் மங்கவில்லை. தரம் பார்க்கப்படவில்லை. கப்பல் மாலுமி ஒருவர் சென்னைத் துறைமுகத் தொழிலாளிக்குக் கொடுத்தது, அன்று முதல் ஒரே குடும்பத்திடம் இருக்கிறது."